சுஹாத் வரைந்த இரண்டாவது மரம்

சுஹாத்துக்கு முப்பத்தொன்பது வயது. கரக் நகருக்குத் தெற்கே மலைமேல் இருக்கும் அந்த ஊரில், பெண்கள் பள்ளியின் ஓவிய டீச்சர். பள்ளி ஆண்டு விழாவின் மேடைத் திரை, கல்யாண வீட்டு வாசல் பலகை, ஹஜ் போய் வந்தவர் வீட்டுச் சுவரில் கஅபாவும் பக்கத்தில் ஒரு விமானமும், எல்லாம் அவள் கைதான். ஆனால் எந்தப் படத்தின் மூலையிலும் அவள் பெயர் இருக்காது. ‘முஃப்லிஹின் மகள் வரைந்தது’ என்று இருக்கும். அதையும் அவளேதான் எழுதுவாள்.

ஊர் வழக்கம் அப்படி. ஒருவன் தன் தாயின் பெயரையோ மனைவியின் பெயரையோ நாலு ஆண்கள் நடுவே சொல்லமாட்டான். “வீட்ல” என்பான், “பிள்ளைங்க அம்மா” என்பான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் கொட்டை எழுத்தில் மின்னும். பெண்ணுக்கு ‘அவரது மகள்’ என்பதோடு சரி. சுஹாத்தின் அப்பாவையும் யாரும் முஃப்லிஹ் என்று கூப்பிடுவதில்லை. தலைச்சன் பிள்ளை சுஹாத் என்றாலும், அவளுக்கு அடுத்துப் பிறந்த காலிபின் பெயரால் அவர் அபூ காலிப், அதாவது காலிபின் தகப்பன். அந்தக் காலிப் கத்தாரில் வேலை பார்க்கிறான். பெருநாளைக்குப் பெருநாள் போனில் வருவான். அம்மா வத்ஹா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சமைத்துப் போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்து, தலைத்துணியை இஸ்திரி போட்டு வைத்துக் கூடவே இருந்தவள் சுஹாத்.

முதல் மரத்தை அவள் வரைந்தது குலத்துப் பெரியவர்கள் கேட்டுத்தான். ஊர் நடுவே இருக்கும் குலத்தின் விருந்து மண்டபத்தைப் புதுப்பித்தபோது, பெரிய சுவருக்கு ஒரு வம்ச மரம் வேண்டும் என்றார்கள். அடிமரத்தில் குலத்தை ஆரம்பித்த பாட்டனார், கிளைகளில் அவர் மகன்கள், இலைகளில் பேரன் கொள்ளுப்பேரன்கள். கோடை விடுமுறை முழுக்க ஏணிமேல் நின்று இலை இலையாக எழுதினாள். தம்பிக்கு ஓர் இலை. தம்பியின் கைக்குழந்தைக்கு ஒரு தளிர். தனக்கு எங்கே என்று அவள் தேடவில்லை. இடம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

திறப்பு விழாவில் ஆடு வெட்டித் தயிர்க் குழம்பில் வேகவைத்து, சோற்று மலைமேல் அடுக்கிப் பரிமாறினார்கள். மரம் அருமையாக வந்ததற்காகக் குலத்தின் தலைவர் ஷேக் தவ்கான் சரிகைக் கரை போட்ட மேலங்கி ஒன்றை அபூ காலிபின் தோளில் போர்த்தினார். கைதட்டல் சுவரைத் தாண்டிப் பெண்கள் பகுதிக்கும் கேட்டது.

சுஹாத்தின் அத்தை ஃபித்தா எலும்பைக் கடித்தபடியே சொன்னாள். “நானும் எட்டிப் பாத்தேன்டி. எவ்வளவு பெரிய மரம். அத்தனையும் ஆம்பளையாவே காய்ச்சுத் தொங்குது. இவனுங்களை எல்லாம் யாரு பெத்தா, ஒட்டகமா?”

பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சுஹாத்தும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் இரண்டாவது மரம்.

மொட்டை மாடியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஒரு சுவரை அடைக்கும் அளவுக்குத் துணியைக் கட்டினாள். அதே மரம், அதே கிளைகள். ஆனால் பெயர்கள் பெண்களுடையவை. பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டாள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தைதான் வழி திறந்தாள். “ஏய், உன் மாமியார் பேரு என்னன்னு சொல்றதுக்குள்ள உனக்கு ஏன் வேர்க்குது? அந்தப் பேரைத் திருடிட்டா வந்த?” என்று அடுப்படிக்குள் புகுந்து மிரட்டுவாள். மெல்ல மெல்லப் பெயர்கள் வந்தன. ஷம்ஸா, தர்ஃபா, மஸ்யூனா, கத்னா. பிறந்த வாரமே இறந்துபோன குழந்தைகள். ஆண் குழந்தை இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டவள். யாரோடோ போய்விட்டதால் அவள் தகப்பனே பேர் சொல்லக் கூடாதென்று விலக்கிய ஒருத்தி.

ஒவ்வொரு இலையும் ஒரு விரல் ரேகை. மருதாணியைப் பசையோடு குழைத்து எடுத்துப் போவாள். உயிரோடு இருப்பவள் தன் விரலையே பதிப்பாள். இறந்தவளுக்கு அவள் மகளோ பேத்தியோ பதிப்பாள். பக்கத்தில் சுஹாத் மெல்லிய தூரிகையால் பெயர் எழுதுவாள். கிழவி தர்ஃபா விரல் பதித்த மறு மாதம் கண் மூடினாள். சுஹாத்தின் அம்மாவுக்கான இலையில் பதிந்தது சுஹாத்தின் விரல். அன்று மட்டும் அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

நான்கு வருஷம் இப்படிப் போயிற்று. அவளிடம் படித்த பெண்கள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குப் பல் முளைத்ததெல்லாம் அந்த நான்கு வருஷத்தில் நடந்தது. சுஹாத்துக்கு நடந்தது அந்தத் துணி ஒன்றுதான்.

தலைநகர் அம்மானில் கண்காட்சிக் கூடம் நடத்தும் ரந்தா என்ற பெண்மணி, யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு மலையேறி வந்தார். துணிமுன் நின்று கண் கலங்கினார். ‘நாம் யார்’ என்ற தலைப்பில் ஒரு கண்காட்சி வைக்கிறோம், நடுச்சுவர் உனக்குத்தான், மூலையில் உன் பெயரை எழுது என்றார். சுஹாத் எழுதினாள். ‘வத்ஹாவின் மகள் சுஹாத்’. ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து துணியை எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அந்த வார நடுவில்தான் ஷேக் தவ்கான் அப்பாவுக்குப் போன் செய்தார். “அபூ காலிப், வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு பெரியவங்களோட உன் வீட்டுக்கு வர்றோம். உன் மக விஷயமா.”

அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. போன மாதம்தான் தஃபீலாவிலிருந்து, மனைவியை இழந்த ஒரு மருந்துக்கடைக்காரரின் அக்கா வந்து சுஹாத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். பெரியவர்கள் கூட்டமாகப் படியேறி வருவது ஒன்று சண்டையைத் தீர்க்க, இல்லாவிட்டால் பெண் கேட்க. இந்த வீட்டில் சண்டை எதுவும் இல்லை. பிறகென்ன?

“வாடகைக்கு நாற்காலி சொல்லிடறேன்,” என்றார். “ஏலக்காய் நல்லதா வாங்கணும்.”

“அப்பா, வரட்டும். ஆனா என்னைக் கேக்காம சரின்னு சொல்லிடாதீங்க.”

“உன்னைக் கேக்காமயா? நான் என்ன கிறுக்கனா?”

“மாப்பிள்ளைக்குப் பல் செட்டுன்னு கேள்விப்பட்டேன்,” என்றாள் ஃபித்தா அத்தை. “நல்லதாப் போச்சு. சண்டை வந்தா எடுத்து ஒளிச்சு வச்சிக்கலாம்.”

வெள்ளிக்கிழமை வந்தது. கறுப்பும் பழுப்புமாக மேலங்கிகள் படியேறின. பெரிய அறை நிறைந்தது. அப்பா அந்தச் சரிகை மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தலைத்துணிமேல் கறுப்புக் கயிற்று வளையத்தை நேராக அழுத்தி வைத்து, வாசலில் நின்று ஒவ்வொருவரையும் முத்தமிட்டு வரவேற்றார். சுஹாத்தும் அத்தையும் அடுப்படித் திரைக்குப் பின்னால். கசப்புக் காபி சின்னக் கோப்பையில் முதலில் ஷேக்குக்குப் போயிற்று.

ஷேக் தவ்கான் கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. தன் முன்னால் தரையில் வைத்தார்.

அறை அடங்கியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன், அது நிறைவேறும்வரை உன் காபி என் தொண்டையில் இறங்காது என்று அர்த்தம். வீட்டுக்காரன் இரண்டில் ஒன்று செய்யலாம். என்னவென்று கேட்கலாம். அல்லது, கேட்கும் முன்பே கொடுத்துவிடலாம். கேட்கும் முன் கொடுப்பவன்தான் பெரிய மனுஷன். அவன் பேரை மற்ற குலங்களிலும் சொல்வார்கள்.

திரைக்குப் பின்னால் சுஹாத்தின் உதடு அசைந்தது. கேளுங்கப்பா. என்னன்னு கேளுங்க.

அபூ காலிப் நெஞ்சில் கை வைத்தார். வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படி ஒரு சபை தன் வீட்டில் கூடும் என்பது அவர் குரலில் தெரிந்தது.

“காபியைக் குடிங்க ஷேக். எதுக்கு வந்தீங்களோ அது உங்களுக்குக் கிடைச்சாச்சு.”

“அல்லாஹ் உன் முகத்தை வெளுப்பா வைக்கட்டும்,” என்று வாழ்த்தினார்கள் எல்லோரும்.

“போச்சு, கட்டிக் குடுத்துட்டான்,” என்று முணுமுணுத்தாள் அத்தை.

ஷேக் தவ்கான் இன்னும் கோப்பையை எடுக்கவில்லை. மெதுவாகப் பேசினார். கோபமே இல்லாத குரல்.

“அபூ காலிப், உன் மக நம்ம வீட்டுப் பொண்ணு. அவ கை தங்கம். அதை யாரும் மறக்கல. ஆனா அவ இன்னொரு மரம் வரைஞ்சிருக்கா. அம்மான்ல பேரெல்லாம் தெரியற மாதிரி அதோட படத்தைப் போட்டு அழைப்பிதழ் அடிச்சு, அது போன் போனாச் சுத்துது. நம்ம பையன் ஒருத்தனைப் பக்கத்து ஊர்க் காபிக் கடையில அவன் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கானுங்க. அடிதடி. பல்லு போச்சு. நாளைக்குக் கத்தி வரும். எங்க கோரிக்கை இதுதான். அந்தத் துணி ஊரை விட்டுப் போகக் கூடாது, எங்க கையில வரணும். அதோட படங்களும் அழியணும். இனி ஒரு தடவை அவ அதை வரையக் கூடாது.”

திரைக்குப் பின்னால் சுஹாத் திரையோடு ஒட்டி நின்றாள். அத்தை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவின் முகத்தைத் திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். அந்த முகத்தை அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாளோ. தன் வீட்டு வாசற்படியிலேயே வழுக்கி விழுந்தவனுடைய முகம் அது. அறையில் அத்தனை கண்களும் அவர்மேல்.

“குடிங்க,” என்றார் மறுபடியும். இந்த முறை அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

ஷேக் குடித்தார். பிறகு எல்லோரும் குடித்தார்கள்.

அப்பா மாடி ஏறி வந்தபோது சுஹாத் துணியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தை கதவோரம்.

“கல்யாணம்னு நினைச்சேன்மா.”

“கல்யாணம்னாலும் என்னைக் கேக்கறேன்னுதானே சொன்னீங்க.”

அவர் துணியைப் பார்த்தபடி சொன்னார். “அந்தக் கோப்பையைக் கீழ வச்சதும் பேசினது நான் இல்ல. எங்க அப்பா பேசினாரு. அவருக்கு அப்பா பேசினாரு.”

“எல்லா அப்பனுங்களும் பேசினீங்க,” என்றாள் அத்தை. “வாக்கு உன்னோடது. துணி அவளோடது. இல்லாததைத் தூக்கிக் குடுக்க நீ யாரு? சுஹாத், குடுக்காதே. நான் இதுமேல படுத்துக்கறேன். ஷேக் வந்து என்னைத் தூக்கட்டும், பாக்கலாம்.”

“நீ சும்மா இரு ஃபித்தா.”

“இருந்தேனே, எழுபது வருஷம்.”

அப்பா மகளைப் பார்த்தார். “நீ முடியாதுன்னு சொன்னா, நான் கீழ போய் அப்படியே சொல்லிடறேன். உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பினார். திரும்பும்போதே தலையில் இருந்த கறுப்பு வளையத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சொன்ன சொல்லைக் காக்க முடியாதவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சபைக்குப் போக முடியாது. வளையம் இல்லாமல் தலைத்துணி நழுவி, நரைத்த முடி தெரிந்தது. சுஹாத் தன் அப்பாவின் வெறுந்தலையை வெளிச்சத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சின்னத் தலை. அந்தத் தலையோடு அவர் அந்தப் படியில் இறங்கினால், பிறகு இந்த ஊரில் அவர் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? யார் வீட்டுச் சாவுக்கு அவர் போவார்? அவர் சாவுக்குத்தான் யார் வருவார்கள்?

நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். கத்தியிருந்தால், அடித்திருந்தால், அவள் எதிர்த்து நின்றிருப்பாள். அவர் எதுவும் கேட்காமல் போகிறார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எழுந்துபோய் அவர் கையிலிருந்து வளையத்தை வாங்கினாள். தலைத்துணியைச் சரிசெய்து, மேலே வைத்து அழுத்தினாள்.

“வரச் சொல்லுங்க,” என்றாள்.

அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான்கு பேர் வந்து ஆணிகளைக் கழற்றினார்கள். ஷேக் தவ்கான் மேற்பார்வை பார்த்தார். துணியைக் கீழே இறக்கியபோது ஒரு கிளையின் அருகே அவர் கண் நின்றது. ஷம்ஸா. அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோன அவருடைய தாய்.

“இது யாரு விரல்?” என்றார்.

“உங்க தங்கச்சியோடது,” என்றாள் சுஹாத்.

அவர் குனிந்தார். தொடப்போகிறார் என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான்.

“சுருட்டுங்க,” என்றார்.

எரித்துவிடலாம் என்றான் ஒருவன். ஷேக் தலையசைத்து மறுத்தார். அமத்துல்லா என்று ஒரு பெயர் அதில் இருந்தது. அல்லாஹ்வின் பெயர் சேர்ந்ததை நெருப்பில் போட மனம் ஒப்பவில்லை அவருக்கு. மண்ணில் புதைப்பதுதான் மரியாதை.

“ஆமா ஷேக்,” என்றாள் ஃபித்தா அத்தை, சுவரைப் பார்த்தபடியே. “பொம்பளைப் பிள்ளையை உயிரோட புதைக்கறது நமக்கென்ன புதுசா? நபி வந்து நிறுத்தினாரு. மறந்துட்டீங்க.”

துணியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அப்பா பின்னால் போனார். அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. சுஹாத் மாடியிலேயே நின்றாள். வண்டிகள் தூசி கிளப்பிக்கொண்டு மேட்டைத் தாண்டி மறைந்தன.

மாலையில் அப்பா மண் ஒட்டிய கையோடு வந்தார். கழுவினார். மரத்தின் படங்கள் இருந்த தன் போனை அவள் அவர் முன்னால் வைத்தாள். அவருக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது.

“நான் பாக்கமாட்டேன்மா,” என்றார். “நீயே பண்ணிடு.”

ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் விரல் அதன்மேல் வெகுநேரம் நின்றது. பிறகு அந்த வளையமும் அந்தச் சின்னத் தலையும் நினைவுக்கு வந்தன. கொடுத்தது அரைகுறையாக இருந்தால், அவர் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் அம்மாவின் இலை. அதையும் அழித்தாள்.

அடுத்த நாள் ரந்தா போனில் அழைத்தார். அழைப்பிதழால் வந்த அடிதடியையும் துணியைப் புதைத்ததையும் சுஹாத் சொல்லக் கேட்டு அதிர்ந்து, தன் பக்கத்திலிருந்த படங்களையும் அழிப்பதாகச் சொன்னார். சொன்னபடி அழித்தும் விட்டார். பிறகு கேட்டார்.

“சுஹாத், ஒண்ணு சொல்லட்டுமா? மனசுல வச்சிக்காதே. நடுச்சுவரை அப்படியே காலியா விட்டுடலாம். நீ அந்தக் குழியை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பேன். மரத்தை விட அது இன்னும் ஆழமாப் போய்த் தைக்கும். வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க.”

“எங்க புதைச்சாங்கன்னு எனக்குத் தெரியாது,” என்றாள் சுஹாத்.

“அப்பாகிட்ட கேளு.”

கேட்டாள். ரந்தாவுக்காக அல்ல, தனக்காக. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்மா.”

“எனக்கும் கூடவா?”

“உனக்குத்தான்.”

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. பள்ளிக்குப் போனாள். பிள்ளைகளுக்கு ஆப்பிளும் கொடியும் வரையச் சொல்லிக் கொடுத்தாள். தெருவில் எதிர்ப்பட்ட பெண்கள் அவளைப் பார்த்ததும் விரல்களை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டார்கள். சிலருக்கு வெட்கம். சிலருக்கு நிம்மதி. பெரியவர்களை வாய் விட்டு ஏசிய ஒரே ஆள் ஃபித்தா அத்தை. அவளும் வந்து போவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தால் உன் அப்பன் மூஞ்சியைப் பாக்க வேண்டியிருக்கு என்றாள்.

தஃபீலா மருந்துக்கடைக்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அம்மான் கண்காட்சி நடந்து முடிந்தது. நடுச்சுவரில் வேறு யாருடையதோ மாட்டியிருந்தார்களாம்.

வெள்ளிக்கிழமைகளில், ஆண்கள் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, சுஹாத் மேட்டைத் தாண்டி நடந்தாள். வண்டிகள் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். புதிதாகக் கிளறிய மண் எங்கேயாவது கண்ணில் படாதா என்று தேடினாள். கண்ணில் பட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. தோண்டப் போவதில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

ஆனால் அது வாற்கோதுமை விதைக்கும் மாதம். முதல் மழை பெய்து, டிராக்டர்கள் இறங்கியிருந்தன. சரிவுக்குச் சரிவு, வரப்புக்கு வரப்பு, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மண் புரண்டு கிடந்தது. எல்லா இடமும் புதிதாகத்தான் கிளறியிருந்தது.